வாலுப் பசங்களை அடக்காத டீச்சர்... மரியா மாண்டிசோரியின் இன்னொரு பக்கம்!

உங்கள் ஏரியாவில் ஒரு ரவுண்டு வந்தால் போதும்... மாண்டிசோரி என்று போர்டு மாட்டிய ஸ்கூல் ஒன்றாவது கண்ணில் படும். உங்களில் சிலர் அந்த மாதிரி ஸ்கூலில் படித்தும் இருப்பீர்கள். அது ஏதோ ஒரு பாடத்திட்டத்தின் பெயர், இல்லையென்றால் ஏதோ கம்பெனியின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லைங்க... அது ஒரு பெண்ணின் பெயர். இத்தாலியில் பிறந்து, டாக்டருக்குப் படித்து, கடைசியில் துறுதுறு குழந்தைகளிடம் மனசைப் பறிகொடுத்தவர். நம்ம சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் வருஷக்கணக்கில் வாழ்ந்தவர்.

ஊரார் பிள்ளைகளை எல்லாம் கொண்டாடிய அவருக்கு, தான் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று வெளியே சொல்ல முடியாத நிலை இருந்தது. அந்தக் கதையையும் சேர்த்தே தெரிஞ்சுக்கலாம், வாங்க.

பிணவறையில் தனியாக ஒரு மாணவி

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற சின்ன ஊரில் பிறந்தார் மரியா. ஒரே பெண். அப்பா அலெஸாண்ட்ரோ அரசு அதிகாரி, கொஞ்சம் பழைய காலத்து மனிதர். அம்மா ரெனில்டே நிறைய படிப்பவர். மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோம் நகருக்குக் குடிவந்தது.

அன்றைக்கு இத்தாலியில் ஒரு பெண் படித்தால், அதிகபட்சம் டீச்சர் ஆகலாம். மரியாவுக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. ஆமாம், பிற்காலத்தில் உலகமே டீச்சராகக் கொண்டாடிய அதே மரியாவுக்குத்தான்! பையன்கள் படிக்கும் டெக்னிக்கல் ஸ்கூலில் சேர்ந்தார். முதலில் இன்ஜினீயர் ஆக ஆசை. அப்புறம் மனசு மாறி மருத்துவம் என்றார். அப்பாவுக்கு விருப்பம் இல்லை. அம்மா பக்கபலமாக நின்றார்.

மருத்துவக் கல்லூரி வாழ்க்கை லேசாக இல்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து நிர்வாணமான உடலைப் பார்ப்பது ஒரு பெண்ணுக்கு அழகில்லை என்றார்கள். அதனால் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, சாயங்காலத்துக்கு மேல், பிணவறையில் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்து உடற்கூறு படிக்க வேண்டியிருந்தது. வாடை தாங்க முடியாமல் புகைபிடிக்கப் பழகினார் என்பார்கள். 1896-ல் பட்டம் வாங்கியபோது, இத்தாலியின் முதல் சில பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர்.

தரையில் கிடந்த ரொட்டித் துணுக்கு

டாக்டர் ஆனதும் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநலப் பிரிவில் வேலை. அதன் ஒரு பகுதியாக மனநலக் காப்பகங்களுக்குப் போய்ப் பார்ப்பார். அங்கே வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். விளையாட ஒரு பொருள் கிடையாது. வெறும் சுவர், வெறும் தரை.

அங்கே நடந்ததாக ஒரு விஷயம் அவரது வாழ்க்கைக் கதையில் தவறாமல் வரும். சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்குவார்களாம். பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு அருவருப்பு. சாப்பிட்ட பிறகும் இப்படி அலையுதுங்களே என்ற சலிப்பு. மரியா அதையே வேறு கண்ணால் பார்த்தார். இந்தக் குழந்தைகளுக்குப் பசி வயிற்றில் இல்லை, கையில் இருக்கிறது. தொட்டுப் பார்க்க, உருட்ட, பிரிக்க, சேர்க்க அந்த அறையில் கிடைத்த ஒரே பொருள் ரொட்டித் துணுக்கு. அதைத்தான் தேடுகிறார்கள்.

இந்த ஒரு பார்வைதான் அவரது மொத்த வாழ்க்கையின் சாவி. பெரியவர்கள் கண்ணுக்குச் சேட்டையாக, கெட்ட பழக்கமாகத் தெரிவது, குழந்தையின் பக்கம் போய் நின்று பார்த்தால் வேறு ஏதோவாக இருக்கிறது.

இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி முன்பே எழுதியிருந்தார்கள். அந்தப் புத்தகங்களைத் தேடி எடுத்து, இத்தாலிய மொழியில் தன் கையாலேயே மொழிபெயர்த்து எழுதிப் படித்தார். 1900-ல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு இணை இயக்குநர் ஆனார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளைகளோடு, ராத்திரி முழுக்கக் குறிப்பெழுதுவது என்று ஓடியது வாழ்க்கை. எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளில் சிலர், சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அரசுத் தேர்வையே எழுதித் தேறினார்கள்.

எல்லோரும் கை தட்டினார்கள். மரியாவுக்கு மட்டும் வேறு ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு வருவார்கள் என்றால், நல்ல ஆரோக்கியமான குழந்தைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன?

யாருக்கும் சொல்லாத ஒரு குழந்தை

அந்தப் பள்ளியின் இன்னொரு இணை இயக்குநர் டாக்டர் ஜூசெப்பே மோன்டேசானோ. இருவரும் காதலித்தார்கள். 1898 மார்ச் 31 அன்று மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மாரியோ.

கல்யாணம் ஆகாமல் குழந்தை என்பது அந்தக் காலத்து இத்தாலியில் ஒரு பெண் டாக்டரின் வாழ்க்கையையே முடித்துவிடும். கல்யாணம் செய்துகொண்டாலோ, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவர். குடும்பத்தினர் விஷயத்தை மூடி மறைத்தார்கள். குழந்தையைக் கிராமத்தில் ஒரு செவிலித்தாயிடம் கொடுத்துவிட்டார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார். அந்தப் பையனுக்கு, வந்து போகும் அந்த அழகான அம்மணி யார் என்று தெரியாது.

இரண்டு பேருமே வேறு யாரையும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். மோன்டேசானோ 1901-ல் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருடம் மரியா அந்தப் பள்ளியை விட்டு வெளியேறினார். மறுபடியும் பல்கலைக்கழகத்தில் மாணவியாகப் போய் உட்கார்ந்து தத்துவமும் மானுடவியலும் படித்தார். வயது 31.

பெயின்ட் செலவு மிச்சம்!

இப்போது ரோமில் சான் லோரென்சோ என்ற பகுதிக்கு வாங்க. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். பாதி கட்டி விடப்பட்ட கட்டடங்களை ஒரு நிறுவனம் வாங்கிச் சரிசெய்து குடும்பங்களை வாடகைக்கு வைத்தது. அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் ஸ்கூலுக்கு. வீட்டில் மிச்சம் இருப்பது மூன்று வயது, நான்கு வயது வாண்டுகள். சும்மா இருப்பார்களா? படிக்கட்டில் ஓட்டம், புதுசாக அடித்த சுவரில் கிறுக்கல், கையில் கிடைத்ததை உடைப்பது என்று ஒரே ரகளை.

நிறுவனம் கணக்குப் போட்டது. சுவரை மறுபடி மறுபடி சரிசெய்யும் செலவை விட, இந்த வாண்டுகளை ஓர் அறையில் உட்காரவைத்து ஓர் ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது சல்லிசு. அவ்வளவுதாங்க... உலகப் புகழ்பெற்ற ஒரு கல்விமுறை தொடங்கியது பெயின்ட் செலவை மிச்சம் பிடிப்பதற்காக!

அந்தப் பொறுப்பை ஏற்கச் சொல்லி மரியாவைக் கூப்பிட்டார்கள். நல்ல டாக்டர், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர், சேரிப் பகுதியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போவதா என்று கூட இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் சரி என்றார். 1907 ஜனவரி 6 அன்று, மார்சி தெருவில் 58-ம் எண் கட்டடத்தில் அந்த அறை திறக்கப்பட்டது. சுமார் 50 குழந்தைகள். பெயர், குழந்தைகளின் வீடு.

டீச்சராக நியமிக்கப்பட்டவர் அந்தக் கட்டடத்தின் காவலாளியின் மகள். டீச்சர் டிரெய்னிங் எதுவும் கிடையாது. மரியாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். பழைய பழக்கத்தை மறக்கடிக்க வேண்டிய வேலை மிச்சமாச்சே!

முதல் நாள் அந்தக் குழந்தைகளைப் பார்த்தவர்கள், இதுகளா சுவரை நாசம் செய்தவை என்று நம்பியிருக்க மாட்டார்கள். அறைக்குள் வந்ததும் அழுகை, பயம், வாயைத் திறக்காத வெட்கம். படிக்கட்டில் வாலு, பெரியவர்கள் முன்னால் ஊமை. உங்கள் வீட்டுக் குட்டிகளையும் யோசித்துப் பாருங்கள்... வீட்டில் ரகளை பண்ணுவதும், விருந்தாளி வந்தால் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிவதும் ஒரே குழந்தைதானே?

44 தடவை!

மரியா அங்கே பாடம் எதுவும் எடுக்கவில்லை. சில பொருள்களை வைத்தார், பிறகு உட்கார்ந்து பார்த்தார். டாக்டர் நோயாளியைக் கவனிப்பது மாதிரி, பொறுமையாக, நோட்டில் குறித்துக்கொண்டே.

ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அந்தந்த அளவுள்ள உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி முதலிலிருந்து. மரியா எண்ண ஆரம்பித்தார். மற்ற குழந்தைகளைப் பாடச் சொன்னார், சுற்றி ஆடச் சொன்னார். சிறுமி நிமிரவே இல்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்படியே தூக்கி மேசை மேல் வைத்தார். அவசரமாகக் கட்டையை மடியில் அள்ளிக்கொண்டவள், அங்கேயே தொடர்ந்தாள். 44 தடவை. அப்புறம் தானாக நிறுத்தி, நல்லாத் தூங்கி எழுந்தவள் மாதிரி சிரித்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

சின்னக் குழந்தைகளுக்கு ஒரு நிமிடம்கூடக் கவனம் நிற்காது என்று நாம் சொல்வோம் இல்லையா? பிடித்த வேலை கிடைக்காத வரைக்கும்தான் அது என்பதை மரியாவுக்குக் காட்டியவள் அந்தச் சிறுமி.

இன்னொரு நாள் டீச்சர் பொருள்கள் இருந்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால், குழந்தைகள் தாங்களாகவே எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். திருட்டுப் பழக்கம் என்று டீச்சருக்குக் கோபம். மரியாவுக்கோ, ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கு எது வேண்டும் என்று தெரிகிறது என்ற ஆச்சர்யம். அதன் பிறகு பூட்டு போட்ட அலமாரி போய், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான அலமாரிகள் வந்தன. இன்று எல்லா ப்ளே ஸ்கூலிலும் நீங்கள் பார்க்கும் அந்தக் குட்டி அலமாரிக்குப் பின்னால் இருப்பது, மறந்துபோன ஒரு பூட்டு.

மூக்கு சிந்தும் பாடம்

உங்களுக்குச் சிரிப்பு வரலாம்... மரியா நடத்திய பாடங்களிலேயே அதிக கைத்தட்டல் வாங்கியது, மூக்கு சிந்துவது எப்படி என்ற பாடம்தான்!

கைக்குட்டையை எடுத்து, சத்தம் வராமல், பார்க்கிறவர்களுக்கு அசிங்கமாகத் தெரியாமல் மூக்கைத் துடைப்பது எப்படி என்று செய்து காட்டினார். குழந்தைகள் அசையாமல் பார்த்தார்கள். முடிந்ததும் நாடகக் கொட்டகையில் போல ஒரே கைத்தட்டல். கிளம்பும்போது வாசல் வரை நன்றி சொல்லிக்கொண்டே கூட வந்தார்கள். மரியா யோசித்துப் பார்த்தார். மூக்கு ஒழுகுதேன்னு குழந்தையைத் திட்டாதவர் யார்? பிறர் முன்னால் அசிங்கப்படுத்தாதவர் யார்? ஆனால், எப்படித் துடைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. அந்தக் கைத்தட்டல், மானம் காப்பாற்றப்பட்டவர்களின் கைத்தட்டல்.

அமைதியும் அப்படித்தான் வந்தது. ஒரு நாள் முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் குழந்தையை வாங்கி வகுப்புக்குள் தூக்கிவந்தார். பாருங்கள், இது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை, உங்களால் முடியுமா என்று விளையாட்டாகச் சீண்டினார். வாண்டுகள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு சிலையாக நின்றார்கள். கடிகாரச் சத்தம் கேட்டது. அதுவே பிறகு அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு ஆனது. கண்ணை மூடி உட்கார வேண்டும், பக்கத்து அறையிலிருந்து மரியா கிசுகிசுப்பாகப் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவராகச் சத்தம் போடாமல் எழுந்து போக வேண்டும். பரிசாக மிட்டாய் கொண்டுவந்தார். பசங்க அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

சுவரைக் கிறுக்கிய கைகள் எழுதவும் தொடங்கின. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பழகியிருந்தார்கள். டிசம்பர் மாதத்து வெயிலில் மொட்டை மாடியில் இருந்தபோது, ஐந்து வயதுப் பையனிடம் சாக்பீஸைக் கொடுத்து எதிரே தெரியும் புகைபோக்கியை வரையச் சொன்னார் மரியா. வரைந்தான். பிறகு திடீரென்று, எனக்கு எழுத வருது என்று கத்தியபடி, தரையில் கை என்ற சொல்லை எழுதினான். அடுத்து புகைபோக்கி, அடுத்து கூரை. யாரும் அவனுக்குச் சொற்களை எழுதக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மற்ற பிள்ளைகளும் சாக்பீஸ் கேட்டு ஓடிவந்தார்கள். தரை, கதவு, சுவர் என ஒரு இடம் பாக்கி இல்லை!

தூக்கிவிடுவதும் ஒரு தப்புதான்

இத்தனையும் படித்துவிட்டு, ஓஹோ, செல்லம் கொடுத்துக் கெடுப்பதா என்று நினைத்துவிடாதீர்கள். மரியாவின் பாசம் வேறு மாதிரியானது.

அவர் எழுதிவைத்த ஒரு சம்பவம் போதும். ஒரு தொட்டியில் பொம்மைகள் மிதக்க, குழந்தைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் பின்னால் மாட்டிக்கொண்டான். எட்டிப் பார்த்தான், முடியவில்லை. கூட்டத்தை இடித்துப் பார்த்தான், வழி கிடைக்கவில்லை. நின்று யோசித்தான். ஒரு குட்டி நாற்காலி கண்ணில் பட்டது. அதை இழுத்துப் போட்டு ஏறலாம் என்று முகமெல்லாம் பிரகாசமாக அதை நோக்கி நடந்தான். அதற்குள் டீச்சர் ஓடிவந்து, அடடா குழந்தைக்குத் தெரியலையே என்று அவனை அள்ளித் தூக்கிக் காட்டினார்.

பையன் பொம்மையைப் பார்த்தான். ஆனால், முகத்தில் இருந்த அந்தப் பிரகாசம் அணைந்துவிட்டது. தானே ஜெயித்திருக்க வேண்டிய ஒன்றை, பாசம் என்ற பெயரில் பிடுங்கிவிட்டார்கள் என்று மரியா வருந்தினார்.

அப்படியானால் மற்றவர்களை அடித்து, தள்ளி, வகுப்பையே கலைக்கும் குழந்தையை என்ன செய்வது? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அந்தக் குழந்தையை முதலில் மருத்துவரிடம் காட்டி உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு மூலையில் தனி மேசை, வசதியான நாற்காலி, அவனுக்குப் பிடித்த பொருள்கள். அங்கிருந்து மற்ற குழந்தைகள் வேலை செய்வதை அவன் பார்க்கலாம். உடம்பு சரியில்லாத பிள்ளையைக் கவனிப்பது மாதிரி, வகுப்புக்குள் வந்ததும் முதலில் அவனிடம் போய்ப் பேசுவார்கள். அடி இல்லை, திட்டு இல்லை. கொஞ்ச நாளில் அவனே எழுந்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்வான்.

இந்த வகுப்பைப் பார்க்க அர்ஜென்டினா நாட்டுத் தூதர் ஒருமுறை முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். அன்றைக்கு லீவு, பூட்டியிருந்தது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளே காவலாளியிடம் சாவி வாங்கித் திறக்கவைத்து, டீச்சர் இல்லாமலேயே உட்கார்ந்து வேலை செய்து காட்டினார்கள். எல்லாம் படிக்கட்டில் ரகளை செய்த அதே செட்டுதான்!

புகழும் பழியும்

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1909-ல் அவரது முதல் கல்விப் புத்தகம் வெளியானது. 1913-ல் அமெரிக்காவுக்குப் போனபோது பெரிய வரவேற்பு. 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வகுப்பறையை அமைத்தார்கள். வெளியே கூட்டம் நின்று வேடிக்கை பார்க்க, உள்ளே குழந்தைகள் பாட்டுக்கு வேலை செய்தார்கள்.

1912 டிசம்பரில் அம்மா ரெனில்டே இறந்தார். அதன் பின்னர்தான் மரியா தன் மகனைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டார். மாரியோவுக்கு அப்போது சுமார் 15 வயது. முதல் அடி, முதல் சொல், பால் பல் விழுந்தது என்று எதையும் அந்த அம்மா கூட இருந்து பார்க்கவில்லை. பிறகும்கூட நீண்ட காலம் அண்ணன் மகன், தம்பி மகன் என்ற மாதிரிதான் வெளியே அறிமுகம்.

அவர் வாழ்க்கையில் பாராட்ட முடியாத பக்கமும் உண்டு. 1924 முதல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் ஆதரவை ஏற்றுக்கொண்டார். தன் பள்ளிகள் பரவினால் போதும் என்று நினைத்தார். ஆனால், சொன்னதைக் கேட்டு வரிசையில் நடக்கும் பிள்ளைகள்தான் அந்த ஆட்சிக்கு வேண்டும். தானாக யோசிக்கும் பிள்ளைகளை வைத்து அது என்ன செய்யும்? 1934-ல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியிருந்தபோது 1936-ல் உள்நாட்டுப் போர் வெடிக்க, அங்கிருந்தும் கிளம்பி நெதர்லாந்துக்குப் போனார்.

அடையாறில் ஒரு பிறந்தநாள் பரிசு

இப்போது நம்ம ஊருக்கு வரலாம். அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில் மரியாவும் மாரியோவும் மெட்ராஸில் வந்து இறங்கினார்கள். வந்தது சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்தில். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் தங்க ஓலைக் குடிசைகள் போட்டார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. ஒரே நாளில் இருவரும் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மாரியோவை பிரிட்டிஷ் அரசு பிடித்து அகமத்நகர் முகாமுக்கு அனுப்பியது. மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று தடை. 69 வயது, தெரியாத ஊர், தெரியாத மொழி, கூட இருந்த மகனும் இல்லை.

ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாள். அன்றைக்கு வைஸ்ராயிடமிருந்து வந்த செய்தி, பிறந்தநாள் பரிசாக அவரது மகனைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னது. கவனித்தீர்களா... மகன் என்று. 42 வருடங்களாக வெளியே சொல்லாத அந்த உறவை, அடையாறில் இருந்த அம்மாவுக்கு ஓர் அரசாங்கத் தந்தி எழுத்தில் சொன்னது. மாரியோ திரும்பி வந்தார்.

போர் முடியும்வரை ஐரோப்பா போக வழியில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே பல வயதுக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு சின்னப் பள்ளி. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்ன கூட இருந்து உதவினார். மலைச் செடிகள், பூச்சிகள், கற்கள் எல்லாம் பாடப்பொருள்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான கல்வியைப் பற்றி அவர் இன்னும் விரிவாக யோசித்தது இங்கேதான். பிறந்த குழந்தையின் மனம் சுற்றியுள்ள எல்லாவற்றையும் எப்படி உள்வாங்குகிறது என்பதைப் பற்றிய அவரது புகழ்பெற்ற புத்தகம் 1949-ல் முதலில் வெளியானதும் அடையாறிலிருந்துதான். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

பாட்டி இல்லாத ஸ்கூல்கள்

1946-ல் ஐரோப்பா திரும்பினார். மறுபடி இந்தியா வந்து 1949 வரை பயிற்சிகள் நடத்தினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 என மூன்று முறை பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில் 81 வயதில் காலமானார். கடைசி நேரத்தில் அடுத்து ஆப்பிரிக்கா போவதைப் பற்றி மாரியோவிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பார்கள். உயிலில் மாரியோவைத் தன் மகன் என்று தெளிவாக எழுதிவைத்திருந்தார். அவரது வேலையை மாரியோ 1982-ல் தான் இறக்கும்வரை தொடர்ந்தார். நோர்ட்வைக்கில் உள்ள கல்லறையில் பொறித்திருக்கும் வாசகம், உலகில் அமைதியைக் கட்டியெழுப்பக் குழந்தைகளைத் துணைக்கு அழைக்கிறது. பின்னாளில் இத்தாலி தன் 1,000 லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சடித்துக் கௌரவித்தது.

மாண்டிசோரி என்ற பெயரை இன்று யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். அதனால் உங்கள் அக்கா பையனுக்கோ, அண்ணன் பொண்ணுக்கோ ஸ்கூல் தேடும்போது போர்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். அலமாரி குழந்தையின் கைக்கு எட்டுகிறதா? குழந்தை எழுந்து நடக்க முடிகிறதா? ஒரு குழந்தை ஏதோ வேலையில் மூழ்கியிருந்தால், டீச்சர் குறுக்கே போகாமல் விடுகிறாரா? இந்த மூன்றும் இருந்தால், போர்டில் என்ன பெயர் இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். அடுத்த முறை அந்த வாலு உங்கள் செருப்பின் பக்கிளை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி உயிரை வாங்கும்போது, உடனே பிடுங்கி கையில் போனைக் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். எத்தனை தடவை வரை போகிறது என்று பாருங்கள். 44 வராவிட்டாலும், உங்களுக்கு அந்தக் குழந்தையை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போகும்.